கண்ணிலிருந்து தொடங்கிய படம்

டர்பன்டைன் நனைத்த துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாடை மூக்கில் ஏறியது. ஆனால் விரல் குளிரவில்லை. துணி காய்ந்துவிட்டதோ என்று பிழிந்து பார்த்தேன். தரையில் சொட்டியது. விரலுக்கு மட்டும் அது தெரியவில்லை.

என் நோய் இப்படித்தான் வந்து கதவைத் தட்டியது. இதைப் படிக்கிற நீங்கள் இந்த நேரத்தில் ஏதோ ஒரு வார்டில் படுத்துக்கொண்டு, கால் கட்டைவிரலை அசையச் சொல்லி அதனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது அப்படிப் படுத்திருப்பவருக்குக் கஞ்சி புகட்டிவிட்டு நடைபாதை பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு வரையத்தான் வரும், எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பாலகுரு. நீடாமங்கலத்தில் எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரைகிறவன். ஊரில் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்றால் போதும், யாரும் வழி காட்டுவார்கள். நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது, கலர் ஸ்டுடியோ வந்துவிட்டது. என்ன வந்தாலும் இறந்தவருக்கு எண்ணெய்ப் படம்தான் மரியாதை என்று எங்கள் பக்கத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. உயிரோடு இருக்கிற யாரும் என்னிடம் வந்து தன்னை வரையச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் வீட்டுப் பெண்கள் என்னை உதைக்க வந்திருப்பார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முகம், சட்டை, மாலை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் கண்ணைத் திறப்போம். வீட்டார் வந்து நிற்பார்கள், மூத்த பிள்ளை முன்னால் நிற்பான், நான் இரண்டு கருமணிகளையும் வைத்து வெள்ளைப் பொட்டு இடுவேன். அதோடு அது அப்பா ஆகிவிடும், அம்மா ஆகிவிடும். பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகத் தொடங்கியதும் இதில் ஒரு சங்கடம் வந்தது. அப்பா சாவுக்கு அவனால் வர முடியாது. “தம்பி லீவுல வரட்டும் ஆர்ட்டிஸ்ட், அதுவரைக்கும் கண்ணைத் தொறந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதனால் என் முன்னறைச் சுவரோரம் எப்போதும் கண் இல்லாத நாலைந்து பேர் பிள்ளைகளின் லீவுக்காகக் காத்திருப்பார்கள்.

அந்த வரிசையில் என் மனைவியும் இருந்தாள். மல்லிகா சாகவில்லை. மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் நர்ஸ். அவள் போன பிறகு ஒரு நாள் மனசு தாங்காமல் அவளுடைய பாஸ்போர்ட் படத்தை வைத்து வரைய ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் முடிந்தது. கண்ணில் வந்து நின்றுவிட்டேன். பாஸ்போர்ட் படத்தில் அவள் மிரண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள், என் மல்லிகா அப்படிப் பார்க்க மாட்டாள். அதுவும் போக, கண் திறப்பதென்றால் செத்தவருக்குத் திறப்பதுதானே என்ற பயம் வேறு. படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அதை அவளுக்குக் கடிதத்திலும் எழுதினேன்.

விரல் மரத்த அன்றைக்கே பாதமும் மரத்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை. ரயிலடிப் பக்கம் போய்விட்டு வரும்போது ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டு, “ஆர்ட்டிஸ்ட், ஒத்தைச் செருப்போட போறீங்களே!” என்றார். இன்னொரு செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது. எனக்குத் தெரியவே இல்லை. அதற்குச் சில நாட்களுக்கு முன் வயிற்றுப்போக்கு வந்து போயிருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று எவனுக்குத் தோன்றும்? உள்ளூர் டாக்டர் பலவீனம் என்று சொல்லி சத்து ஊசி போட்டார். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்தவன் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டேன்.

குத்தாலத்திலிருந்து என் அக்கா ராஜம் ஓடி வந்தாள். எனக்கு அப்பா அம்மா இல்லை, எல்லாம் அவள்தான். காரில் தூக்கிப் போட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ஐப்பசி மழை. கோவில்வெண்ணி தாண்டும்போது அக்கா என் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே வந்தாள் என்று பிறகு சொன்னாள். எனக்கு அவள் அமுக்கியதே தெரியாது.

என்னைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். ரப்பர் சுத்தியால் முழங்காலில் தட்டினார், கால் சும்மா கிடந்தது. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். அதன்பிறகுதான் பெயர் சொன்னார்கள்: ஜி.பி.எஸ். (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறிப்போய் நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிற நோய்).

“வீட்டுக் காவக்காரன் இருக்கான் பாருங்க சார், அவன் இருட்டுல வீட்டுக்காரரையே திருடன்னு நெனச்சு அடிச்சிட்டான். அவ்வளவுதான்” என்றார் டாக்டர்.

“அடி நிக்குமா?” என்று கேட்டாள் அக்கா.

“நிக்கும்மா. பெரும்பாலானவங்க எழுந்து நடந்துடுவாங்க. ஆனா இன்னும் கொஞ்சம் மேல ஏறிட்டுத்தான் நிக்கும். மூச்சுக்கிட்ட போகாம பாத்துக்கணும்.”

அந்த ‘இன்னும் கொஞ்சம்’ என்ற சொல்லை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

அன்றே அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன், மல்லிகாவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கான்ட்ராக்டை முறித்துக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். அப்படி வந்தவர்களைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். அவள் படித்துப் பரீட்சை எழுதி, ஏஜென்ட் ஆபீஸ் வாசலில் நின்று வாங்கிய வேலை அது. என் கால் விழுந்ததற்காக அதுவும் விழ வேண்டுமா?

நோய் மேலே ஏறியது. கை போயிற்று. பிறகு முகம். இமைகளை மூட முடியவில்லை. தூங்கும் நேரத்தில் நர்ஸ் வந்து கண்ணில் களிம்பிட்டு பிளாஸ்திரி ஒட்டி மூடிவிடுவார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைத் திறந்துவிட்டவனுக்குத் தன் கண்ணை மூட ஆள் வேண்டியிருந்தது.

மூச்சைச் சோதிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் வென்டிலேட்டர் (மூச்சு விட முடியாதவருக்குக் காற்றைச் செலுத்தும் கருவி). எண்களைக் கேட்டாலே எனக்குப் பயமாக இருந்தது. அதனால் ஸ்டேஷன்களைச் சொன்னேன். தஞ்சாவூர், குடிக்காடு, சாலியமங்கலம், அம்மாபேட்டை, கோவில்வெண்ணி, நீடாமங்கலம். டாக்டர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். முதல் நாள் கொரடாச்சேரியும் தாண்டித் திருவாரூர் வரை போனேன். பிறகு நீடாமங்கலத்தோடு நின்றது. ஒரு நாள் காலையில் கோவில்வெண்ணியிலேயே மூச்சு முடிந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு ஸ்டேஷன்தான் பாக்கி. என்னால் போய்ச் சேர முடியவில்லை. அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று இம்யூனோகுளோபுலின் (ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) மெட்ராஸிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்து சேர்ந்தது. சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நான் மேலே சுழலாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு மல்லிகாவின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். வரவில்லை. பாஸ்போர்ட் படம்தான் வந்தது. வேறு மாதிரி யோசித்தேன். சமையல்கட்டில் திரும்பிப் பார்க்கிறாள், பஸ்ஸில் தூங்கி வழிகிறாள், என் அரைகுறைப் படத்தைக் கிண்டல் செய்கிறாள். குரல் வந்தது, வளையல் வந்தது, முகம் இருக்கிற இடத்தில் பாஸ்போர்ட் படம் ஒட்டியிருந்தது. இரண்டு வருஷத்தில் என் பெண்டாட்டியின் முகம் எனக்கு மறந்துபோயிருந்தது. கால் போனதற்கு நான் அழவில்லை. இதற்கு அழுதேன். கண்ணை மூட முடியாததால் அது அழுகை என்று யாருக்கும் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது.

அக்கா துணி எடுத்து வர நீடாமங்கலத்துக்குப் போயிருக்கிறாள். பூட்டிக் கிடந்த வீட்டில் ஒரே ஈரம், படங்களில் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. அன்றைக்குப் பார்த்துக் கொஞ்சம் வெயில். படங்களை எல்லாம் வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே துணி துவைக்கப் போய்விட்டாள். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். எண்ணெய்ப் படம். அதுவும் மல்லிகா. அதுவும் கண் திறக்காமல், யாரோ வெளிநாட்டிலிருந்து வருவதற்காகக் காத்திருக்கிற படம். ஆர்ட்டிஸ்ட் வேறு சில நாட்களாக ஊரில் இல்லை. இதற்கு மேல் எங்கள் ஊருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

செய்தி மல்லிகாவின் பிறந்த ஊரான நன்னிலத்துக்குப் போய்விட்டது. என் மாமியார் தலைவிரிகோலமாக வேனில் வந்து இறங்கினார், கூடவே அரை ஊர். அக்கா ஈரக் கையோடு வெளியே வந்து, “அவ நல்லாத்தான் இருக்கா, சத்தியமா நல்லாத்தான் இருக்கா” என்று கத்தியிருக்கிறாள். யார் நம்புவார்கள்?

எனக்குப் படச் சட்டம் போட்டுத் தருகிற நூர்தீன் பாய்தான் அவர்களைத் தன் கடைக்குப் பக்கத்து பூத்துக்கு அழைத்துக்கொண்டு போய் மஸ்கட்டுக்குப் போன் போட்டார். பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து அவரே நடித்துக் காட்டினார்.

“உங்க மாமியாரு போனைப் புடிச்சிக்கிட்டு, ‘அய்யோ மவளே, என்ன வுட்டுட்டுப் போயிட்டியேடி’ன்னு அந்தப் புள்ளகிட்டயே அழுவுறாங்க. அது ‘நான்தாம்மா பேசுறேன், நான்தாம்மா பேசுறேன்’ங்குது. இவங்க நிறுத்துற மாதிரி இல்ல. நான் புடுங்கிப் பேசுனேன். அது கேட்ட மொத கேள்வி என்ன தெரியுமா? ‘பாய், என் படம் எப்படி வாசலுக்கு வந்துச்சு? அவரு இருந்தா வெளிய வைக்க வுட மாட்டாரே. அவரு எங்க?’ன்னுச்சு. நான் உங்கக்காவப் பாத்தேன். உங்கக்கா என்னப் பாத்துச்சு. அப்புறம் என்னத்த மறைக்கிறது?”

நான் உள்ளுக்குள் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் முகம் அசையவில்லை. வெறித்த கண்ணிலிருந்து நீர் மட்டும் வழிந்தது. பாய் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட எழுந்துவிட்டார்.

மறுநாள் மல்லிகா வார்டுக்கே போன் செய்து டாக்டரிடம் பேசினாள். பேசி முடித்து வந்த டாக்டர், “உங்க வீட்டம்மா எனக்கே வைவா பரீட்சை வச்சுட்டாங்க சார். எந்த மருந்து, எவ்வளவு, மூச்சு எப்படி, எல்லாம் கேட்டாங்க. கடைசியில ‘ரிசீவரை அவர் காதுல வைக்க முடியுமா’ன்னாங்க” என்றார். கம்பி அவ்வளவு தூரம் எட்டவில்லை.

மருந்து வேலை செய்தது. கோவில்வெண்ணியில் நின்ற வண்டி மெல்ல நகர்ந்து நீடாமங்கலம் வந்தது. திருவாரூர் வரைக்கும் மூச்சு போன அன்று டாக்டர் கைதட்டினார். இமை மூடியது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தேன். அறுவடை தொடங்குகிற சமயத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். “நரம்பு மெதுவாத்தான் வளரும் சார். நகம் வளர்ற மாதிரின்னு வச்சுக்குங்க. அவசரப்படுத்தாதீங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வருவதுதான் கடினமான பகுதி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் எல்லோரும் நோயாளிகள், வெட்கம் கிடையாது. வீட்டில் நம் சட்டை, நம் தட்டு, நம் கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிசியோதெரபி (உடற்பயிற்சியால் தசைகளைப் பழக்கும் சிகிச்சை) சொல்லித் தந்தவர் அக்காவிடம், “ஒரு அண்டாவுல நெல்லு, ஒண்ணுல தவிடு, ஒண்ணுல மணல். கண்ண மூடிக்கிட்டு கைய விடச் சொல்லுங்க, எது எதுன்னு சொல்லட்டும்” என்றார். நெல்லூரிலிருந்தா நெல் வரவழைக்க வேண்டும்? சுற்றிலும் நெல். தினமும் கையை விட்டேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. அக்கா, “சொல்லுடா, இது எது?” என்பாள். நான் குத்துமதிப்பாக, “தவிடு” என்பேன். “தலையெழுத்து, தண்ணிடா இது” என்பாள்.

தூரிகையைக் கையில் வைத்தால் நழுவியது. துணியால் கட்டிக்கொண்டு முயன்றேன். எண்ணெய் வண்ணம் குழைவானது, அதைத் தள்ள விரலில் வலு வேண்டும். ஒரு மூக்கைத் தொட்டேன், அந்த மனிதரின் மூக்கு காதுவரை போய்விட்டது. ஆத்திரத்தில் தூரிகையை எறிய நினைத்தேன். எறிவதற்குள் அதுவே விழுந்துவிட்டது. கண்ணில்லாத நாலைந்து பேரும் சுவரோரம் சும்மா இருந்தார்கள்.

அப்போது மஸ்கட்டிலிருந்து பாயின் மச்சான் லீவில் வந்தார். மல்லிகா ஒரு பெட்டியும் ஒரு கேசட்டும் கொடுத்தனுப்பியிருந்தாள். பெட்டியைத் திறந்தேன். பஞ்சு மெத்தையில் வரிசையாகக் கலர் கலராகக் குச்சிகள். சாஃப்ட் பாஸ்டல்.

“என்னாது, சாக்பீஸா?” என்றார் பாய்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. இத்தனை வருஷம் எண்ணெய் வண்ணம் குழைத்தவனுக்குப் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ்! கை விளங்காமல் போனவனுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டாளா?

கேசட்டைப் போட்டோம். பின்னணியில் ஏதோ குழந்தை அழுகிறது. மல்லிகா பேசினாள். “கோவிச்சுக்காதீங்க. எங்க வார்டுல கை விளங்காத புள்ளைங்களுக்கு இதத்தான் குடுக்குறோம். அழுத்த வேணாம். புடிக்கக்கூட வேணாம், ரெண்டு விரலுக்கு நடுவுல சும்மா வச்சிக்கிட்டு தொட்டா போதும், கலர் வந்துடும். நீங்க பெரிய ஆர்ட்டிஸ்ட்டுதான், இல்லங்கல. தொட்டு மட்டும் பாருங்க. எனக்காக.” குழந்தையின் அழுகை பெரிதானது. “இதோ வர்றேன் கண்ணு” என்று அவள் அதனிடம் சொல்வதோடு டேப் முடிந்தது. அந்தக் கடைசி வரியை நான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். என்னிடம் சொன்னதில்லைதான். இருந்தால் என்ன?

முதல் குச்சியை எடுத்தேன், கீழே விழுந்து மூன்றாக உடைந்தது. உடைந்த துண்டைப் படுக்கப் போட்டு ஒரு சார்ட் பேப்பரில் இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது, நிறம் ஒட்டவே இல்லை. “வழவழப்பா இருக்குல்ல, அதான்” என்று சொல்லிவிட்டு பாய் தன் கடைக்குப் போய், சட்டம் தேய்க்கிற உப்புத்தாளில் நைசான ஒன்றை எடுத்து வந்தார். அதில் இழுத்தேன்.

அய்யோ! அந்த நீலத்தை எப்படிச் சொல்வது? எண்ணெயில் நீலம் என்றால் ட்யூபைப் பிதுக்கி, எண்ணெய் விட்டு, குழைத்து, தூரிகையில் எடுத்து, பூசி, காயக் காத்திருந்து, மங்கி, அதற்குப் பிறகுதான் நீலம். இதில் தொட்டவுடன் நீலம். நடுவில் எண்ணெய் இல்லை, தூரிகை இல்லை, ஒன்றுமே இல்லை. என் விரல், அடுத்தது நிறம். என் கையெல்லாம் பொடி, மூக்கில் பொடி, லுங்கியில் பொடி. அக்கா வந்து பார்த்துவிட்டு, “ஹோலி பண்டிகைக்கு வடக்கத்திக்காரன் நிக்கிற மாதிரி நிக்கிறியேடா” என்றாள். அந்த வருஷத்தில் நான் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். முகமும் கூட வந்தது.

அதுவரை நான் வரைந்ததெல்லாம் போட்டோவைப் பார்த்து வரைந்த முகங்கள்தான், பின்னால் ஒரு பழுப்பு. எங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் வரைந்து பார்த்ததில்லை. பம்ப்செட் வைத்திருந்த ஒருவர் குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். பெட்டியில் இருந்த பச்சை ஒன்றும் அந்தப் பச்சைக்கு ஒத்துவரவில்லை. மஞ்சளை முதலில் தேய்த்து, அதன்மேல் நீலத்தை லேசாக இழுத்து, விரலால் தடவினேன். வந்துவிட்டது. நாற்றின் பச்சை அடியில் மஞ்சள்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தடவிக்கொண்டே இருந்தபோது ஆள்காட்டி விரலில் ஏதோ சொரசொரத்தது. கையை எடுத்தேன். மறுபடி வைத்தேன். சொரசொரப்பு. உப்புத்தாளின் மணல் விரலுக்குத் தெரிந்தது. நான் கத்திய கத்தலில் அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். அவள் விரலைப் பிடித்துத் தாளில் தேய்த்து, “இப்படித்தானே இருக்கு? இப்படித்தானே?” என்று கேட்டேன். “விடுடா, தோலு போயிடும்” என்றாள். அப்புறம் அவளே அழுதாள்.

உங்களுக்கும் அந்த நாள் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. எனக்கு வந்தது. விரல் விரலாக, ஒழுங்கில்லாமல் வந்தது. சில நாள் வந்ததுபோல் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். ஊசி குத்துகிற மாதிரி எரிச்சல் வந்தால் பயப்படாதீர்கள், நரம்பு விழித்துக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னார்.

மல்லிகாவுக்கு லீவு கிடைத்தது. நான் தடி ஊன்றிக்கொண்டு ரயிலடிக்குப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த பாசஞ்சரில் இறங்கினாள். கண்ணாடி போட்டிருந்தாள். காதோரம் நரை. கன்னம் ஒடுங்கியிருந்தது. என் மனசில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் படத்துக்கும் இவளுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு விநாடி பயந்துவிட்டேன். “என்னங்க, அடையாளம் தெரியலயா?” என்று கேட்டாள். தெரியவில்லை என்று எப்படிச் சொல்ல? தடியைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த முறை இந்த முகத்தை விட்டுவிடக் கூடாது. அந்த லீவு முழுக்க எனக்கு வேறு எண்ணமே இல்லை. அவள் திரும்பிப் போவதற்குள், போட்டோவைப் பார்க்காமல், அவளைப் பார்த்து, என் கையால் அவளை வாங்கிக்கொள்ள வேண்டும்.

காலையில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். உப்புத்தாளைப் பலகையில் ஒட்டிக்கொண்டேன். என் கைக்குக் கொஞ்ச நேரம்தான் தெம்பு, பிறகு தானாகத் தொய்ந்துவிடும். வழக்கம்போல் நெற்றியில் தொடங்கினால் கண்ணுக்கு வருவதற்குள் கை விழுந்துவிடும். கருப்புத் துண்டை எடுத்து நேராகக் கண்ணில் வைத்தேன்.

மல்லிகா திடுக்கிட்டாள். “கண்ணக் கடைசியிலதானே தொறப்பீங்க?”

“அது போனவங்களுக்கு. அவங்க அவசரப்பட மாட்டாங்க” என்றேன். “நீ லீவு முடிஞ்சா போயிடுவ.”

அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். என்னையே பார்த்தாள். மிரளாத, கொஞ்சம் கேலியான, தூக்கம் போதாத அந்தப் பார்வை. இதுதான். இதைத்தான் நான் மறந்திருந்தேன். இடது கண் வலதைவிடச் சற்றே சின்னது என்பதுகூட மறந்திருந்தது. இரண்டு கண்ணும் முடிந்ததும் கை விழுந்துவிட்டது.

தினமும் கொஞ்சம். நெற்றி, மூக்கு, கன்னம். அவள் நிறத்துக்குக் காவியும் மஞ்சளும் கொஞ்சம் ஊதாவும் வேண்டியிருந்தது. விரலால் தேய்த்துத் தேய்த்து அதைக் கண்டுபிடித்தேன். வாயை மட்டும் வரைய முடியவில்லை, அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வார்டுக் குழந்தைகளைப் பற்றி, ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி, தன் சாவுக்குத் தன் அம்மாவே தன்னிடம் அழுததைப் பற்றி. மாமியார் படத்தைப் பார்த்துவிட்டு, “வாய் எங்க மாப்ள?” என்று கேட்டார். “அது மஸ்கட்டுக்குப் போவுது” என்றேன்.

பழைய எண்ணெய்ப் படத்தை அவளே எடுத்துப் பார்த்தாள். “நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. ஆனா இது யாரோ” என்றாள். அதன்மேல் வெள்ளையடித்து வைத்துவிட்டேன்.

ஒரு நாள் வரைந்துகொண்டே, தலை நிமிராமல் சொல்லிவிட்டேன். “போவாதயேன் மல்லி.”

அவள் வெகு நேரம் பேசவில்லை. அன்றைக்கு வாயை வரைந்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. “கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேங்க. இந்த ஒரு கான்ட்ராக்ட். முடிச்சிட்டு வந்துடுறேன்” என்றாள். நான் காவித் துண்டைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இந்த நோய் வந்து போன பிறகு எனக்கு நாள் என்றால் அது காலையில் கை தொய்வதற்கு முன்னால் இருக்கிற பொழுதுதான். அதில் எது முக்கியமோ அதை முதலில் செய்கிறேன். காயட்டும், பிறகு பார்க்கலாம் என்று எதையும் வைப்பதில்லை. எண்ணெய் வண்ணத்தை விட்டுவிடவில்லை, கண் இல்லாதவர்கள் சுவரோரம் இன்னும் காத்திருக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக அவர்களையும் பார்க்கிறேன். ஆனால் காலையின் முதல் தெம்பு பாஸ்டலுக்குத்தான்.

அவள் கிளம்புகிற அன்று காலையிலும் வரைந்தேன். தாடையைக் கொஞ்சம் சரி செய்ய வேண்டியிருந்தது. நேரமாகிவிட்டது, கையைக்கூடக் கழுவாமல் ரயிலடிக்குப் போனோம். பாசஞ்சரில் தஞ்சாவூர் போய், அங்கிருந்து மெட்ராஸ், அப்புறம் விமானம். அக்கா பெட்டிகளை ஏற்றினாள். மல்லிகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குக் கீழே நீர் இறங்கியது.

கம்பிக்குள் கையை விட்டு அவள் கன்னத்தைத் துடைத்தேன். விரலில் இருந்த பொடி கன்னத்தில் ஒட்டியது. எங்கே ஒட்டியது என்று பார்த்தேன், தெரியவில்லை. நிறம் அவ்வளவு சரியாக இருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது.

“மல்லி, குளுருது” என்றேன். “விரல்ல ஈரம் குளுருது.”

அழுகையை அப்படியே நிறுத்திவிட்டு, நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எந்த விரல்ல?”

வண்டி நகர்ந்துவிட்டது. தடியை ஊன்றிக்கொண்டு என்னால் முடிந்த மட்டும் கூடவே நடந்தேன். “எல்லா விரல்லயும்!” என்று கத்தினேன். வண்டி கோவில்வெண்ணிப் பக்கம் போய் மறையும்வரை நின்றேன்.

சுண்டு விரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. அதை அடுத்த லீவுக்கு அவள் வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.